வாஷிங்டனில் பீட்டில்ஸ்: வானொலியில் தொடங்கிய அலை

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு அமெரிக்காவை வென்ற கதையைப் பெரும்பாலோர் 1964 பிப்ரவரி 9 அன்று ஒளிபரப்பான எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறார்கள். ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்த நிகழ்ச்சி என்பதால் அதில் வியப்பில்லை. ஆயினும், வாஷிங்டன் அருகே எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருவருடன் பேசிய பின், தொலைக்காட்சி அறுவடை செய்ததை விதைத்தது வானொலிதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

அவர் அப்போது பள்ளி மாணவி. சி.பி.எஸ். தொலைக்காட்சிச் செய்தியில் இக்குழுவைக் கண்ட மேரிலாந்துச் சிறுமி ஒருத்தி, இவர்களுடைய பாட்டை ஏன் இங்கே போடுவதில்லை என்று கேட்டு டபிள்யூ.டபிள்யூ.டி.சி. வானொலிக்கு எழுதியிருந்தாள். அறிவிப்பாளர் கரோல் ஜேம்ஸ், விமானப் பணிப்பெண் ஒருவர் மூலம் இங்கிலாந்திலிருந்து இசைத்தட்டை வரவழைத்து, 1963 டிசம்பர் 17 அன்று அச்சிறுமியையே அறிவிக்கச் சொல்லி, 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாடலை ஒலிபரப்பினார். மறுபடி போடச் சொல்லித் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. தம் வீட்டிலிருந்தும் அழைப்பு போனதாக அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாடலை அமெரிக்காவில் ஜனவரியில் வெளியிடவிருந்த கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் வேறு வழியின்றி டிசம்பர் 26 அன்றே தட்டைக் கடைக்கு அனுப்பியது. விடுமுறையில் பிள்ளைகள் வானொலியும் கையுமாக இருந்த வாரம் அது. பிப்ரவரி 1 தேதியிட்ட பில்போர்டு இதழின் பாடல் தரவரிசைப் பட்டியலில் பாடல் முதலிடத்தில் இருந்தது. குழுவினர் நியூயார்க்கில் வந்திறங்கியதோ 7 ஆம் நாள்தான்.

அமெரிக்காவில் அவர்களுடைய முதல் கச்சேரி 11 ஆம் நாள் வாஷிங்டன் கொலீசியத்தில் நடந்தது. பனிப்பொழிவின் காரணமாகக் குழுவினர் நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்தார்கள். அம்மையார் தம் அக்காளுடன் போயிருந்தார். குத்துச்சண்டைக்குப் போடுவதுபோல் மேடை நடுவில் இருந்ததால், சில பாடல்களுக்கு ஒருமுறை திசை மாறி நின்று பாட வேண்டியிருந்தது. ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் வரிசையை மேடையோடு சேர்த்துத் திருப்பப் பெரும்பாடு பட்டார்கள். குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஜெல்லி மிட்டாய் பிடிக்கும் என்ற செய்தியை நம்பிக் கூட்டம் அள்ளி வீசியது. இங்கிலாந்து மிட்டாய் மெத்தென்று இருக்கும், அமெரிக்க மிட்டாயோ கெட்டியானது. பட்ட இடம் வலித்திருக்கும். முதுகைத்தான் அதிகம் பார்த்தோம், அலறலில் பாட்டு அரைகுறையாகவே கேட்டது என்று அம்மையார் சொன்னபோதும் குரலில் குறையேதும் தெரியவில்லை. பின்னாளில் குப்பைக் கிடங்காகக்கூடப் பயன்பட்ட அக்கட்டடத்தில் இப்போது ஆர்.இ.ஐ. கடை இயங்குகிறது. அவருடன் அங்கே போயிருந்தபோது, வளைந்த கான்கிரீட் கூரையை அண்ணாந்து பார்த்து, தாம் அமர்ந்திருந்த பக்கம் எது என்று கூடாரங்களும் மலையேற்றக் காலணிகளும் அடுக்கிய தட்டுகளுக்கிடையே நின்று அடையாளம் காட்டினார்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது அக்கச்சேரிக்கு முந்தைய ஆண்டுதான். இங்கிலாந்தில் பீட்டில்ஸின் தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்துக்குச் சொந்தமான கேப்பிட்டலே இவர்களுடைய தட்டுகளை வேண்டாமென்று தள்ளியதால், சிகாகோவின் வீ-ஜே, ஃபிலடெல்ஃபியாவின் ஸ்வான் ஆகிய சிறு நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. 1963 இல் அவை விற்கவில்லை. 1964 ஏப்ரல் 4 தேதியிட்ட பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸுக்கே கிடைத்தபோது, அந்த ஐந்தில் 'ஷி லவ்ஸ் யூ', 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்ற இரண்டும் முந்தைய ஆண்டு வாங்க ஆளில்லாமல் கிடந்த பாடல்களே.