அப்பா படுக்கிற அறையில் ரேடான் பார்க்க வேண்டுமா?

உச்சிப்புளி மீனா:
தம்பி பென்சில்வேனியாவில் வீடு வாங்கினான். வாங்குமுன் நிலவறையில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளந்தார்களாம். அளவு கூடுதல் என்று தரைக்கடியில் குழாய் இறக்கி, விசிறி வைத்து வெளியே இழுக்கிறார்கள். அன்றிலிருந்து "அப்பா அறையையும் பாரு அக்கா" என்று போனில் ஒரே நச்சரிப்பு.

எங்கள் பழைய வீடு கீற்றுக் கொட்டகை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். இப்போது காங்கிரீட் வீடு. கச்சான் வீசினால் மணல் வாரி அடிக்கிறது என்று அப்பா அறையைச் சாத்தியே வைக்கிறோம். ஏசியும் போட்டாச்சு. சுவரும் தரையும் சேரும் இடத்தில் சிமெண்ட் பிளந்து, எறும்புகள் தினமும் ஒரு பிடி மண்ணை வெளியே தள்ளி வைக்கின்றன. அப்பா நாற்பது வருடமாகப் பீடி குடிக்கிறார். ராத்திரி அவர் இருமும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். தளத்துக்குக் கொட்டிய மணலில் கறுப்புக் கோடு வேறு இருந்தது. பயப்பட வேண்டுமா?

தொண்டி இயற்பியல் வாத்தியார்:
மணலின் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள் அம்மா. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில்தான் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற வேறு கனிமம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த விரிசல். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்துதான் ரேடான் வருகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. எறும்பு வரும் வழியாக அதுவும் வரும். சாத்திய அறையில் சேரும், ஜன்னலைத் திறந்தால் கலைந்துவிடும். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

தம்பி ஊருக்கு வரும்போது டிஜிட்டல் மீட்டர் வாங்கி வரட்டும். ஜன்னலையும் ஏசியையும் விட்டுத் தள்ளி, கட்டில் உயரத்தில் வையுங்கள். அளவு நாளுக்கு நாள் மாறும், அதனால் மூன்று மாதமாவது ஓடட்டும். அங்கே வாங்குவது கதிரியக்க அளவை லிட்டருக்கு இத்தனை பிகோகியூரி என்று காட்டும், 37 ஆல் பெருக்கினால் கனமீட்டருக்கு இத்தனை பெக்கரல் என்று வரும். கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 4 பிகோகியூரி, அதாவது 148 பெக்கரல் வந்தால் சரிசெய்யச் சொல்வார்கள்.

கீழக்கரை நர்ஸ்:
மீனா அக்கா, ரேடானால் இருமல் வராது. பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும், புகைப்பவருக்கு அது பல மடங்கு. மீட்டர் வரட்டும் என்று இருக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம், எக்ஸ்ரேவும் எடுத்துவிடுங்கள். பீடியை விட வைப்பதுதான் பெரிய வேலை. அதட்டினால் ஒளித்துக் குடிப்பார், டாக்டரையே சொல்ல வையுங்கள்.

உச்சிப்புளி மீனா:
நன்றி சார், நன்றி தங்கச்சி. இருமல் மூன்று வாரமாக இருக்கிறது. நாளைக்கே ராமநாதபுரம் கூட்டிப் போகிறேன். தம்பி தைப்பொங்கலுக்கு வருகிறான், மீட்டர் சொல்லிவிட்டேன். விரிசலை இப்போதே பூசிவிடலாமா, அளந்த பிறகா?

தொண்டி இயற்பியல் வாத்தியார்:
இப்போதே பூசுங்கள். பூச்சு மட்டும் போதாது, காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மணல் வந்தால் கூட்டிக்கொள்ளலாம்.