ஓதம் பிடித்த சுவர், பிள்ளைக்கு வீசிங்: தப்பு யார் மேல்?

தரைத்தளவாசி:
வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஐப்பசி வந்தால் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறிவிடும். உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாக உரிகிறது. போன வாரம் பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. மகளின் யூனிஃபார்மில்கூட அந்த வாடை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ராத்திரியானால் இன்ஹேலர். வீட்டுக்காரர் ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்பதோடு சரி.

மாடிவீட்டுக்காரர்:
தம்பி, நானும் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? ஜன்னலை அடைத்துவிட்டுச் சமைப்பீர்கள், ஹாலில் கொடி கட்டி ஈரத் துணி போடுவீர்கள், அப்புறம் சுவர் மேல் பழி. நாங்கள் மண்சுவர் வீட்டில் வளர்ந்தவர்கள். எங்களுக்கு எந்த வீசிங்கும் வரவில்லை.

செங்கல்சூளை:
மண்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளியே விட்டுவிடும் சார். சிமென்ட் பூசி, மேலே புட்டி, எமல்ஷன் என்று அடைத்தால் ஈரம் எங்கே போகும்? இன்னும் மேலேதான் ஏறும். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் ஆஸ்துமா, மூச்சுத் தொந்தரவு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி போட்டுவிட்டது.

தரைத்தளவாசி:
ஜன்னலைத் திறந்தால் கொசு ஐயா. டெங்குவா, வீசிங்கா? 2017 வாடகைச் சட்ட அட்டவணையில் கட்டுமானப் பழுது உரிமையாளர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது.

மாடிவீட்டுக்காரர்:
கொசுவலை அடிக்கவும் சட்டமா? முதலில் இது கட்டுமானப் பழுது என்று நிரூபியுங்கள்.

செங்கல்சூளை:
சுலபம். அலுமினியத் தாளை ஓரடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக்காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம்.

தரைத்தளவாசி:
இரண்டு இடத்தில் ஒட்டினேன். கீழே உப்புப் பூத்த இடத்தில் சுவர்ப்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். பீரோ இருந்த இடத்தில் வெளிப்பக்கம்தான் வேர்த்திருந்தது. ஆக, பூஞ்சை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி ஐயா. கொடியை அவிழ்த்துவிட்டேன். மாடியில் காயப்போடலாம் என்று மொட்டைமாடிச் சாவி கேட்டால், ‘அது வாடகைக்கு வருபவர்களுக்கு இல்லை’ என்கிறார் வீட்டுக்காரர்.

மாடிவீட்டுக்காரர்:
சாவி தராதது அநியாயம். நான்கூட அதைப் பூட்டி வைப்பதில்லை. பூச்சு வேலைக்கு மட்டும் கோடை வரை பொறுங்கள், ஈரச் சுவரில் எதைப் பூசினாலும் நிற்காது.

தரைத்தளவாசி:
கோடை வரை பிள்ளை எங்கே தூங்குவாள் ஐயா?