பி.எஃப்.இ. ஐஸ் வேகனுக்குத் துரு வைப்பது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். எச்.ஓ. அளவில், அதாவது 1:87-ல், 1950-களின் கலிபோர்னியாவை மாடல் ரயிலாகச் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் (பி.எஃப்.இ.) நாற்பதடி ஐஸ் வேகன். மாடலில் 14 சென்டிமீட்டர்தான். யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் என்ற இரண்டு ரயில் கம்பெனிகளும் 1906-ல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி இது. கலிபோர்னியாவின் ஆரஞ்சும் கீரையும் கெடாமல் கிழக்கே போனது இந்த ஆரஞ்சு நிற வேகன்களில்தான்.

உள்ளே இயந்திரம் எதுவும் கிடையாது. இரண்டு முனையிலும் ஐஸ் அறை, கூரையில் நான்கு மூடிகள். கலிபோர்னியாவின் ரோஸ்வில் போன்ற இடங்களில் உயரமான மேடையில் ஆட்கள் நின்று ஐஸ் பாளங்களைத் தள்ளி நிரப்புவார்கள். குளிர் அதிகம் வேண்டுமென்றால் உப்பும் சேர்ப்பார்கள். அந்த உப்புத் தண்ணீர் கீழே வடிந்து இரும்பையெல்லாம் அரித்துவிடும். எனக்கு அந்தக் கறைதான் வேண்டும்.

பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு முறை பூசினேன். போகியின் (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) ஸ்பிரிங் இடுக்கில் தேங்கிச் சேறு மாதிரி ஆகிவிட்டது. துடைத்தால் அடியில் இருந்த கறுப்பும் சேர்ந்து வருகிறது. துருப் பொடி தூவினால் சரியாக வருமா? முதலில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடிக்க வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று: கூரை மூடி ஒன்று உடைந்துவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.