தண்டயல் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மருதமுனைப் பேத்தி:
எங்கள் மூத்தாப்பா கரைவலைத் தண்டயல், கரையில் நின்று இழுக்கும் வலைக்கு ஆட்களின் தலைவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எங்கள் வீடே ‘தண்டயல் வீடு’தான். மகன் பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப வரலாறு எழுதுகிறான், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறான். வரி தண்டுவது, காசு தண்டுவது, அதாவது வசூலிப்பது என்பதிலிருந்து வந்ததாக ஒருவர் சொன்னார். மீன் விற்ற காசைப் பங்கு பிரித்ததும் மூத்தாப்பாதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிக் கடற்கரை:
தங்கச்சி, உங்கள் மனம் சொல்வதே சரி. காசு தண்டுவது வேறு, இது வேறு. இது கடற்சொல், அதுவும் பல கரைகளில் புழங்கிய சொல். அக்பர் காலத்தில் அபுல் பஸல் எழுதிய அயினி அக்பரியில் கப்பல் ஆட்களின் பட்டியல் இருக்கிறது. கப்பல் தலைவனான நாகுதா, வழி பார்க்கும் முஅல்லிம், அடுத்தது தண்டேல், கலாசிகள் என்ற கப்பல் வேலையாட்களுக்குத் தலைவன். (நம்முடைய மாலுமி அந்த முஅல்லிம்தான்.) மலையாளத்தில் தண்டல், தெலுங்கில் தண்டேலு. குஜராத், மகாராஷ்டிரக் கரைகளில் அது குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் அதை டிண்டல் என்று எழுதினான்.

நம் இலங்கையின் வடக்கே பாய்க்கப்பலின் தலைவனையும் தண்டையல் என்றுதான் சொன்னார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது, அதன் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை.

வேர் என்ன என்பதில் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஆட்களின் வரிசை என்று பொருள்படும் வடக்கத்திச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு பக்கம். தண்டு வலிப்பதிலிருந்து வந்தது என்பது மறுபக்கம். தண்டு என்றால் துடுப்பு. நான் தண்டின் பக்கம். கடலில் பிறந்த பெயருக்குக் கடலிலேயே வேர் இருக்கும்போது வேறெங்கும் ஏன் போகவேண்டும்?

பாலமுனை நானா:
ஆட்களின் வரிசையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள் தம்பி. மலாயாவில் ரோட்டு வேலைக் கூலிகளின் தலைவனையும் தண்டல் என்றார்கள். அங்கே ஏது துடுப்பு? கரைவலையையே பாருங்கள். தோணி வலையை வளைத்துப் போட்டுக் கரைக்கு வந்ததும் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். தண்டயல் கயிற்றைத் தொடமாட்டார். மீன் கூட்டத்தால் தண்ணீரில் கறுப்பு விழுந்திருக்கிற இடத்தைப் பார்த்தே கீரி மீனா நெத்தலியா என்று சொல்லிவிடுவார். ஒரு பக்கம் முந்தினால் சத்தம் போட்டு நிறுத்துவார், இல்லையென்றால் வலையின் நடுவில் பைபோல் இருக்கும் மடி கோணி மீன் வெளியே போய்விடும். வரிசையை ஆள்கிறவர் என்பது இவருக்குத்தான் பொருந்தும்.

கல்லடிக் கடற்கரை:
நானா, வேலை பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அயினி அக்பரியில் அவன் கப்பலில்தான் இருக்கிறான். ரோட்டுக்கு வந்தது மறுகாதான். ஒரு சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை வைத்து எங்கே புறப்பட்டது என்று சொல்ல முடியாது. தங்கச்சி, மகனை இரண்டு கருத்தையும் எழுதச் சொல்லுங்கள். வரி தண்டும் கதை மட்டும் வேண்டாம். நானா சொன்னாரே மடி கோணாமல் பார்ப்பது, அதைக் கட்டாயம் எழுதட்டும்.

மருதமுனைப் பேத்தி:
இரண்டு பேருக்கும் நன்றி. தண்ணீரில் கறுப்பு பார்ப்பது பற்றி உம்மாவிடம் கேட்டேன். மூத்தாப்பா கடற்கரைக் குடிசையான வாடியின் கூரையில் ஏறி நின்று பார்ப்பாராம், சாரன் மாதிரி ஒரு துணியை வீசித் தோணிக்குத் திசை காட்டுவாராம். மகன் அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.