டப் டெக்னோ (எதிரொலியில் மிதக்கும் டெக்னோ இசை) செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: டிலே, அதாவது எதிரொலிக் கருவி, உங்கள் கைக்கு வந்த நாள் எது?

மாடிவீடு

நானே ஆரம்பிக்கிறேன். எட்டு மாதம் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். 1993-இல் பெர்லினில் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னெஸ்டஸும் பேசிக் சேனல் என்று ஆரம்பித்தார்களே, அந்த இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு “இது எந்த சின்த் (சின்தசைசர்)?” என்றே தேடிக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்த ப்ளக்-இன் (கம்ப்யூட்டரில் ஓடும் இசைக்கருவி) எல்லாம் போட்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மேல் கார்டாக அடுக்கினேன். கடைசியில் வந்தது கல்யாண மண்டபத்துக் கீபோர்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கோர்க் வோல்கா கீஸ் என்ற குட்டி சின்த்தை மட்டும் எடுத்தேன். அதில் ஒரே நேரத்தில் மொத்தமே மூன்று சுரம்தான். ஏ, சி, இ: ஒரு ஏ மைனர், அவ்வளவுதான். ஃபில்டர் கட்ஆஃப் (கூர்மையான ஒலியை வெட்டும் எல்லை) பாதிக்கும் கீழே, டிகே (ஒலி தேயும் நேரம்) குட்டையாக, சஸ்டெயின் (அழுத்திப் பிடித்தால் நிற்கும் ஒலி) சுத்தமாகப் பூஜ்ஜியம். போர்வை போர்த்திய கதவைத் தட்டின மாதிரி ஒரு ‘டொக்’. கேட்டால் ஒன்றுமே இல்லை.

அதை மிக்ஸரில் விட்டு, சென்ட் (ஒலியின் ஒரு பங்கை வெளியே அனுப்பும் வழி) வழியாக ஒரு டிலே பெடலுக்கு அனுப்பினேன். பெடலிலிருந்து திரும்பி வரும் ஒயரை ரிட்டர்ன் ஓட்டையில் செருகாமல், சும்மா இருந்த நாலாவது சேனலில் செருகினேன். உண்மையில் ரிட்டர்ன் ஓட்டையில் தூசி அடைத்து இரைச்சல் வந்ததுதான் காரணம், அறிவெல்லாம் இல்லை! ஆனால் இப்போது எதிரொலிக்கும் ஒரு ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் குமிழ்கள்) கிடைத்துவிட்டது, ஒரு சென்ட் குமிழும் கிடைத்துவிட்டது. அந்த நாலாவது சேனலின் சென்டைக் கொஞ்சம் திறந்தால் எதிரொலி மறுபடி டிலேக்குள்ளேயே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஈக்யூ ஒரு இழை சீவுகிறது. பேஸைக் குறைத்து வைத்தால் எதிரொலி மெலிந்துகொண்டே போகும், ட்ரெபிளைக் குறைத்தால் இருட்டிக்கொண்டே போகும். பெடலில் உள்ள ஃபீட்பேக் குமிழால் இது வராது, அதற்குத் திரும்பத் திரும்ப ஒரே நிறம்தான்.

வேகம் 120, டிலே 375 மில்லிசெகண்ட். அதாவது மூன்று பதினாறாம் பங்கு. நாலு நாலாக விழும் கிக் ட்ரம்மின் மேல் எதிரொலி மூன்று மூன்றாக நடக்கிறது. அது அணையாமல் இருந்தால் மூன்று பார் (ஒரு பார் நாலு அடி) கழித்துத்தான் மறுபடி முதல் அடியில் வந்து உட்காரும். நான் வாசித்தது பாருக்கு ஒரே ஒரு தட்டல். மீதி எல்லாம் நாலாவது சேனலின் வேலை.

அன்றைக்கே ஒரு ஸ்பீக்கரையும் பலி கொடுத்தேன். சென்டை மயிரிழை அதிகம் திருப்பியதில் சுற்று தானாக ஊளையிட ஆரம்பித்தது. ‘ஆகா’ என்று ரசித்துக்கொண்டிருந்த இரண்டு விநாடியில் வூஃபர் கூம்பு கிழிந்தது. இப்போது கடைசியில் ஒரு லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் தடுப்பது) இல்லாமல் சுவிட்சையே தொடுவதில்லை.

இரவுப்பணி

நீங்கள் தற்செயலாகச் செய்ததை, டப் இசை பிறந்த ஜமைக்காவின் கிங்ஸ்டனில் தெரிந்தே செய்தார்கள். கிங் டபி, இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். அடிப்படையில் ரேடியோவும் ட்ரான்ஸ்ஃபார்மரும் பழுதுபார்க்கிறவர். நாலு ட்ராக் மிக்ஸர் மேசை ஒன்றை வைத்துக்கொண்டு பாடகரின் குரலைத் தூக்கிவிட்டு, ட்ரம்மையும் பேஸையும் மட்டும் ஓடவிட்டு, ஒரே ஒரு சொல்லை எதிரொலிக்குள் எறிவார். அவர் மேசையில் ஒரு பெரிய ஹை-பாஸ் ஃபில்டர் குமிழ் இருந்தது. அதைப் படிப்படியாகத் திருப்பும்போது அடித்தொண்டைச் சத்தம் எல்லாம் வடிந்து சீறல் மட்டும் மிஞ்சும். பெயரிலேயே பாதி டப் இருக்கும்போது நாம் டெக்னோவை மட்டும் நோண்டிக்கொண்டிருக்கிறோம்.

என்னிடம் மிக்ஸர் இல்லை, லேப்டாப்தான். டிலேக்கு முன்னால் ஒரு ஹை-பாஸ் போட்டு, அதை மிடி கன்ட்ரோலரில் ஒரு குமிழோடு கட்டிவைத்திருக்கிறேன். இன்னொரு குமிழ் சென்டுக்கு. குமிழைத் திருப்பாமல் மௌஸால் ஆட்டோமேஷன் கோடு வரைந்து பார்த்தவரை ட்ராக் பிணம் மாதிரி கிடந்தது. இப்போது இருபது நிமிடம் நிறுத்தாமல் பதிவு பண்ணி, உருப்படியான ஆறு நிமிடத்தை வெட்டி எடுக்கிறேன்.

கேசட் பைத்தியம்

ஈக்யூ சரி பாஸ், ஹிஸ்ஸை, அந்த டேப் சீறலை, ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?

ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோன்னு ஒரு டேப் எதிரொலிக் கருவி, 1974-ல வந்த ஆர்இ-201, அதுல டேப் சுத்திக்கிட்டே இருக்கும், வாசிக்கிற ஹெட் மூணு. டேப் கொஞ்சம் தள்ளாடும்போது சுருதியும் கூடவே தள்ளாடும். அதை வாங்குற வசதி நமக்கு இல்லை. அப்பாவோட பழைய கேசட் டெக்கை எடுத்து, கார்டை அதுல பதிஞ்சு திரும்ப கம்ப்யூட்டருக்குள்ள இழுத்தேன். கார்டு சுமாரா வந்துச்சு. ஆனா கார்டுக்கு நடுவுல வெறும் டேப் ஓடுற சத்தம் இருக்கே, அதை மட்டும் நாலு நிமிஷம் வெட்டி எடுத்து லூப் போட்டு, கிக்குக்கு சைட்செயின் பண்ணினேன். கிக் விழும்போது ஹிஸ் உள்ளே போகும், கிக் போனதும் வெளியே வரும். தூங்குறவன் மூச்சு மாதிரி. அதுக்கப்புறம் ஹை-ஹேட்டே வேணாம்னு தூக்கிட்டேன்.

குளிர்ஊர்

பெர்லினில் இரண்டு வருடம் இருந்தேன். எர்னெஸ்டஸ் 1989-இல் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் தட்டுக்கடை, அப்போது க்ராய்ட்ஸ்பெர்கில் கால்வாய்க் கரையோரம் இருந்தது. உள்முற்றத்தைக் கடந்து மாடி ஏறணும். உள்ளே போய் நான் கவனித்தது ஸ்பீக்கரைத்தான். ஹெட்ஃபோனில் வெறும் முணுமுணுப்பாகத் தெரிந்த பேஸ் அங்கே நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து என் ட்ராக்கைத் திறந்தால் கார்டு, பேஸ், ரிவெர்ப் (அறை முழக்கம்) மூன்றும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரே பாயில் படுத்திருக்கின்றன. ரிவெர்பையும் டிலேயையும் 250-க்குக் கீழே வெட்டினேன். பேஸுக்கு இடம் கிடைத்தது. இதைச் சொல்லித்தர அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

ஒயர்மேன்

என் கதை கேவலம். எர்த் சரியில்லாத வீடு, மிக்ஸரில் எப்போதும் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். பேஸை ஜி-யில் வைத்தேன். அந்தக் கீழ் ஜி சரியாக 49 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசி விநாடிக்கு ஒருமுறை வீங்கி வீங்கி அடங்கியது. ஒயரிங்கைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, நான் சின்த்தின் சுருதியை 35 சென்ட் (இது வேறு சென்ட், அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) ஏற்றி இரைச்சலோடு சேர்த்துவிட்டேன். அப்புறம் அந்த ‘ம்ம்ம்’ கரண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தம்புரா. இதுவரை செய்ததிலேயே அதுதான் உருப்படி.

ஒரே சிக்கல், டிஜே பண்ணும் நண்பன் எந்தத் தட்டோடு சேர்த்தாலும் சுருதி ஒட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

மாடிவீடு

ஒயர்மேன், சுருதியை இறக்காமல் அப்படியே அந்த ஃபைலை இங்கே போடுங்கள். எர்த் போட்டுவிட்டீர்களா என்று மட்டும் சொல்லிவிடுங்கள், மிக்ஸரைத் தொடுகிற கை உங்களுடையது.