அப்பாவின் மறதிக்கு டேப்லெட்டில் கேம்: ஸ்கோர் ஏறுகிறது, மறதி அப்படியே இருக்கிறது. உதவி வேண்டும்

திருச்சி மகன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சி - புதுக்கோட்டை வண்டியில் பல வருஷம் ஓடியவர். எந்த ஸ்டேஜிலிருந்து எந்த ஸ்டேஜுக்கு என்ன கட்டணம் என்று அட்டவணை பார்க்காமல் சொல்வார், யாருக்கு எவ்வளவு மீதி தர வேண்டும் என்பதை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு மனசிலும் வைத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வருஷமாக மறக்க ஆரம்பித்திருக்கிறார். சாவி, குடை என்றால் போகட்டும், போன வாரம் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து "இன்னும் போடலையே" என்று மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டார். இது இரண்டாவது தடவை.

கேம் ஆடினால் ஞாபக சக்திக்கு நல்லது என்று படித்ததால் டேப்லெட் வாங்கி, ஜோடிப் படம் கண்டுபிடிக்கிற கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதமாகத் தினமும் ஆடுகிறார். 16 அட்டையை முதலில் 40 முறை திருப்பி முடித்தவர் இப்போது 22 முறையில் முடிக்கிறார். ஆனால் வீட்டில் மறதி குறைந்த மாதிரி தெரியவில்லை. இது போக டேப்லெட்டிலேயே சில தொல்லைகள்: நடுவில் விளம்பரம் வந்து அதைத் தொட்டு எங்கேயோ போய்விடுகிறார், ஒரு முறை கடன் கொடுக்கிற ஆப் ஒன்று இறங்கியே விட்டது. ஐகான்கள் தானாக இடம் மாறுகின்றன. சில நேரம் தொட்டாலும் அட்டை திரும்புவதில்லை. மேலே ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துப் பதற்றப்படுகிறார். வேறு நல்ல கேம் இருந்தால் சொல்லுங்கள், எத்தனை நாள் ஆடினால் பலன் தெரியும் என்றும் சொல்லுங்கள்.

சர்வீஸ் தம்பி:
அண்ணே, டேப்லெட் விஷயம் எல்லாமே சரி பண்ணக்கூடியதுதான். ஆடும்போது ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், வைஃபையும் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், நெட் இல்லையென்றால் பெரும்பாலான விளம்பரம் வராது. அந்தக் கடன் ஆப்பை உடனே எடுத்துவிடுங்கள், அப்பா அதில் ஏதாவது அனுமதி கொடுத்தாரா என்றும் ஒரு தடவை பாருங்கள். ப்ளே ஸ்டோரில் எது வாங்கினாலும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி மாற்றிவிடுங்கள். பணம் வைத்து ஆடுகிற ரம்மி பக்கம் இழுத்துக்கொண்டு போகும் விளம்பரங்கள் நிறைய பார்த்திருக்கிறேன், வயதானவர் கையில் கொடுக்கிற டேப்லெட்டில் வங்கிக் கணக்கு, யுபிஐ எதுவும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஐகான் தானாக இடம் மாறவில்லை. வயதானவர்கள் விரலை அழுத்தி வைத்து மெதுவாக எடுப்பார்கள், அதை டேப்லெட் "லாங் பிரஸ்" என்று எடுத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் போனால் தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்ட வழி இருக்கும், இருப்பதிலேயே நீளமானதை வையுங்கள். முகப்புத் திரையைப் பூட்டுகிற வசதி இருந்தால் அதையும் போடுங்கள். கேம் செட்டிங்கில் டைமரை நிறுத்த முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் டைமர் இல்லாத வேறு கேமுக்கு மாறிவிடுங்கள். தொட்டால் திரும்பாததற்குக் காரணம் பல இருக்கலாம், அவர் எப்படித் தொடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் கவனித்துச் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:
நான் 31 வருஷம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, கேமை அப்புறம் பார்ப்போம், அந்த மாத்திரை என்ன மாத்திரை?

திருச்சி மகன்:
சர்க்கரைக்குத்தான் அக்கா. மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சேர்ந்தது. 11 வருஷமாகப் போடுகிறார்.

வார்டு அக்கா:
நான் பயந்தது இதைத்தான். கிளிமிப்ரைடு இரண்டு மடங்கு உள்ளே போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும், அதுவும் ஒரு மணி நேரத்தில் தீர்கிற விஷயம் இல்லை, நாள் முழுக்க இறங்கலாம். வயதானவர்களுக்கு வியர்வை, நடுக்கம் எதுவும் தெரியாமல் வெறும் தடுமாற்றமும் மறதியும் மட்டுமே அறிகுறியாக வருவதை வார்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மறந்ததால் மாத்திரை கூடுகிறது, மாத்திரை கூடியதால் மறதி கூடுகிறது, இப்படி ஒரு சுழலில் அவர் மாட்டியிருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அவர் குழம்பியிருக்கிற நேரத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொரு முறை இரட்டையாகப் போட்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போட்டால் பி12 சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. பி12 குறைந்தாலும் மறதி வரும், தைராய்டு குறைந்தாலும் வரும், ரத்தத்தில் உப்பு குறைந்தாலும் வரும், மனச்சோர்விலும் வரும், தூக்க மாத்திரையாலும் சளி, அரிப்புக்குக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரையாலும் வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். எந்த கேமாலும் பி12-ஐ ஏற்ற முடியாது தம்பி. முதலில் ரத்தப் பரிசோதனை. காது கேட்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், காதில் விழாததையும் நாம் மறதி என்று நினைத்துக்கொள்வோம்.

இன்றைக்கே மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள், திங்கள் முதல் ஞாயிறு வரை காலை, இரவு என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். கட்டம் காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம். மீதி அட்டைகளை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாசிப்பவன்:
அக்கா சொன்னதற்கு அப்புறம்தான் நான் சொல்வது. கேமில் மட்டும் முன்னேற்றம் தெரிவது உங்கள் அப்பாவிடம் மட்டும் நடப்பதில்லை, இந்தத் துறையின் பெரிய கேள்வியே அதுதான். அமெரிக்காவில் ஆக்டிவ் என்று ஒரு ஆய்வு, 65 வயதைத் தாண்டிய 2,832 பேர். நினைவாற்றல், காரணம் அறிதல், பார்த்ததும் புரிந்துகொள்ளும் வேகம் என்று மூன்று குழுவுக்கு மூன்று விதப் பயிற்சி, வேகத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் திரையில், நான்காவது குழுவுக்குப் பயிற்சியே இல்லை. அவரவர் எதில் பயிற்சி எடுத்தார்களோ அதில்தான் தேறினார்கள். 2014-ல் பத்து வருஷ முடிவு வந்தபோது மற்ற இரண்டு பயிற்சியின் பலன் மிச்சம் இருந்தது, நினைவுப் பயிற்சியின் பலன் மட்டும் கரைந்திருந்தது. 

அதற்காக வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2013-ல் நேச்சர் இதழில் நியூரோரேசர் என்ற கேம் பற்றி வந்தது, ஆடம் கஸாலி என்பவரின் குழு கலிஃபோர்னியாவில் செய்தது. 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள், வளைந்து போகும் சாலையில் கார் ஓட்டிக்கொண்டே குறிப்பிட்ட ஒரு பலகை வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். மொத்தம் 12 மணி நேரம், ஒரு மாதத்துக்குள். பயிற்சி எடுக்காத 20 வயதுக்காரர்களை அந்த கேமில் முந்தினார்கள், பழகாத கவனச் சோதனையிலும் கொஞ்சம் தேறினார்கள். ஆனால் அது ஆராய்ச்சிக்கென்றே செய்த கேம், ஆட ஆடக் கடினமாகிக்கொண்டே போவது. ப்ளே ஸ்டோரில் "மூளைப் பயிற்சி" என்று போட்டிருக்கிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப்பைச் செய்கிற நிறுவனம், வயோதிக மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்கெடுத்தது, 2016-ல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. காசு கட்டி சந்தா எடுக்காதீர்கள். ஒரே கேமை மனப்பாடம் ஆகும்வரை ஆடவிடாமல், தேறியதும் அட்டையைக் கூட்டுங்கள், இல்லை கேமையே மாற்றுங்கள்.

மருமகள் 58:
என் மாமியாருக்கு இந்த மறதி இருந்தபோது பயிற்சியாளர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது, எங்களுக்கு மிகவும் உதவியது. மறக்கிற விஷயத்தையே பயிற்சியாக்க வேண்டும். "மாத்திரை போட்டோமா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள், "டப்பாவில் கட்டம் காலியா என்று பார்க்கணும்" என்று அவரே சொல்லட்டும். ஒரு நிமிஷம் விட்டுக் கேளுங்கள், அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டுங்கள். தப்பினால் திட்டாமல் சரியான பதிலைச் சொல்லிக் கொடுத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்பி வாருங்கள். அந்த இடைவேளைகளில் கேம் ஆடட்டும், இரண்டும் ஒன்றாக நடக்கும்.

தனியாக ஆடவிடாதீர்கள். ஆடு புலி ஆட்டம் ஆப் இருக்கிறது, மூன்று புலி, பதினைந்து ஆடு, அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும், டைமரும் கிடையாது. பேரப்பிள்ளை இருந்தால் எதிரில் உட்கார வையுங்கள். குழந்தைகளுக்கான கேமை மட்டும் கொடுக்க வேண்டாம், மாமியார் அதைப் பார்த்து மனசு விட்டுப்போனார்.

திருச்சி மகன்:
நாலு வாரம் ஆயிற்று, முதலில் எல்லோருக்கும் நன்றி. அக்கா, பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போடத் தொடங்கியிருக்கிறோம். ஒரு நாள் மதியம் அவர் குழம்பிய மாதிரி இருந்தபோது பார்த்தால் சர்க்கரை 61. மருத்துவர் கிளிமிப்ரைடை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். கடிகாரம் சரியாக வரைந்தார், வார்த்தையில் ஒன்றுதான் வந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றிருக்கிறார். டப்பா வந்ததிலிருந்து இரட்டை மாத்திரை இல்லை, இப்போது "கட்டம் காலி" என்று அவரே சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் மூடுகிறார்.

சர்வீஸ் தம்பி, நீங்கள் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒவ்வொரு அட்டையைத் தொடுவதற்கு முன்னாலும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரம் பண்ணிக்கொள்கிறார். டிக்கெட் கிழித்த பழக்கம். அவருக்கே அது தெரியவில்லை. பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, "வேண்டாம்ப்பா" என்று சொல்ல மனசு வரவில்லை.

சர்வீஸ் தம்பி:
சொல்ல வேண்டாம் அண்ணே. திரையில் ஈரம் படர்ந்தால் தொட்ட இடம் டேப்லெட்டுக்குத் தெளிவாகத் தெரியாது, அதனால்தான் அட்டை திரும்பவில்லை. ரப்பர் முனை வைத்த டச் பேனா ஒன்று வாங்கிக் கொடுங்கள், மொபைல் கடையில் கிடைக்கும்.

திருச்சி மகன்:
வாங்கிவிட்டேன், 120 ரூபாய். நேற்று அதை எடுத்துக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டுதான் ஆட உட்கார்ந்தார். என் பையன் புலி, அவர் ஆடு. ஆடிக்கொண்டே ஏர்போர்ட், மாத்தூர், கீரனூர், நார்த்தாமலை என்று ஸ்டாப் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார். வண்டியில் அந்தக் காலத்துக் கட்டணம் என்ன என்றும் பையன் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். அடுத்த பரிசோதனை முடிந்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.