சோலார் லோன்: இ.பி. கார்டு இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது, என்ன செய்வது?

பெரம்பூர் மருமகள்:
தனி வீடு, மாமனார் 1988-ல் கட்டியது. மொட்டை மாடிக்கு நேர் கீழே மாமியார் அறை. ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். ஏ.சி. ஓயாமல் ஓடி, மே–ஜூன் கணக்கில் 820 யூனிட். பில் 5,000 ரூபாயைத் தாண்டிவிட்டது.

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் (வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தருவது) 3 கிலோவாட் போடலாம் என்று லோன் கேட்டு வங்கிக்குப் போனேன். பேப்பரைப் பார்த்துவிட்டு, "கார்டில் இருக்கிறவரை ஒரு தடவை கூட்டிட்டு வந்துடுங்கம்மா" என்றார் அங்கிருந்த தம்பி. மாமனார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

நங்கநல்லூர் ரிட்டயர்டு:
வந்திருக்கிறேன் அம்மா. எங்கள் கார்டு அப்பா பெயரில் இருந்தது. விண்ணப்பம், இ.பி. கார்டு, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்து முதலில் பெயர் மாற்றுங்கள். என் தங்கை துபாயில். அவள் கையெழுத்துக்குக் காத்திருந்ததுதான் எனக்கு முழு வேலையும்!

லோன் அதற்கப்புறம் சுலபம். 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் வரை, அடமானம் கிடையாது, வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு அரை சதவீதம். எனக்குக் கொட்டேஷன் 2,05,000. பத்து சதவீதம் கையிலிருந்து கட்டினேன். மானியம் 78,000 நேராக லோன் கணக்கில் விழுந்தது, ஆனால் நெட் மீட்டர் (வாங்கும் கரண்டையும் நாம் திருப்பி அனுப்புவதையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி ஆய்வு முடிந்த பிறகுதான். அதுவரை முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். இப்போது மாதம் 1,200 ரூபாய் சொச்சம் போகிறது.

வெயில் நாளில் 12 யூனிட் வரும். ஐப்பசி அடைமழையில் மூன்று வந்தாலே பெரிது. இன்னொன்று, கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். நம் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரில் பேனலைக் கழுவாதீர்கள், உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். என் வீட்டில் இன்னும் இருக்கிறது.

மடிப்பாக்கம் வயர்மேன்:
அக்கா, எல்லாரும் லோனைப் பேசுகிறார்கள், நிழலை யாரும் பேசுவதில்லை. உங்கள் தண்ணீர்த் தொட்டி எந்த மூலை? பேனல்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்றில் நிழல் விழுந்தாலே வரிசை முழுக்கக் கரண்ட் குறையலாம்.

அப்புறம், பழைய ஃபேன் 75 வாட். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில்தான். மாடியில் கூலிங் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ போட்டால் அம்மா அறைக்கும் நல்லது. முதலில் இதைச் செய்யுங்கள்.

பெரம்பூர் மருமகள்:
தொட்டி கன்னி மூலையில் (தென்மேற்கு), வாஸ்துப்படி! மாமியார் வடாம் காயப்போடுவது அதற்கு வடக்கே. "பேனல் போட்டா நான் எங்கடி காயவைப்பேன்" என்று நேற்றே கேட்டுவிட்டார்.

மடிப்பாக்கம் வயர்மேன்:
அப்படியென்றால் மார்கழியில் மத்தியானத்துக்கு மேல் தொட்டி நிழல் வடகிழக்காக மாடி மேலேயே நீளும். தென்கிழக்கு மூலையில் 200 சதுர அடி சும்மா இருக்கிறதா? 2 கிலோவாட் போதும் அக்கா. மானியம் 60,000. ஒரு நாளைக்கு 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480. உங்கள் 820 அப்போது 340 ஆகும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ் யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணச் சலுகையும் போய்விடும். அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தாலே பாதி வெற்றி. 3 கிலோவாட்தான் வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்வார், விடுங்கள்.

பெரம்பூர் மருமகள்:
தென்கிழக்கில் உடைந்த சைக்கிளும் பழைய கதவும்தான் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலி செய்கிறேன். வாரிசுச் சான்றிதழுக்கு நாளைக்கு இ-சேவை மையம். நாத்தனார் கோயம்புத்தூரில்தான், துபாயில் இல்லை. தப்பித்தேன் சார்.